பிடிப்புப்பலகைத் திருட்டும் அதனைக் கண்டறியும் வழியும்

வண்டி வாகனங்கள் அருகியிருந்த காலத்தில், நெடுவழிப் பாதைகளின் ஓரத்தே சுமைதாங்கிகள் நாட்டப்பட்டிருந்தன. தலைச்சுமையோடு நடப்போர் பிறர் துணையின்றித் தம் சுமையை இறக்கிவைத்து, களைப்பாறி, மீண்டும் ஏற்றிச் செல்லுதற்கென அறச்சிந்தையுடையோர் அமைத்த கற்கள் அவை. சுமைதாங்கிக்குக் கதவில்லை, பூட்டில்லை, காவலனும் இல்லை. யாவர்க்கும் பொதுவாக நிற்பதே அதன் பயன். கணினியினுள்ளும் இத்தகைய சுமைதாங்கி ஒன்று உண்டு. ஓரிடத்திலுள்ள எழுத்தையோ எண்ணையோ படத்தையோ பிரதி எடுத்து வேறோரிடத்தில் ஒட்டும்போது, அப்பொருள் இடைநேரத்தில் தங்கும் இடமே அது. கிளிப்போட் என்று ஆங்கிலத்தில் வழங்கும் அதனைத் தமிழிற் பிடிப்புப்பலகை என்பர்.

இந்தப் பொதுக்கல்லில் மக்கள் இன்று எவற்றை இறக்கிவைக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வங்கிக் கணக்கிலக்கம், கடவுச்சொல், கைத்தொலைபேசிக்கு வந்த ஒருமுறைக் குறியீடு, நோயாளி ஒருவரின் மருத்துவ அறிக்கை, வழக்கறிஞர் ஒருவரின் வரைவு ஆகிய யாவும் ஒரு கணமேனும் அதில் தங்கிச் செல்கின்றன. வைத்தவர் எடுத்துச் செல்வதற்கு முன் அவற்றை எட்டிப்பார்ப்போரும், ஓசையின்றி மாற்றிவைப்போரும் தோன்றிவிட்டனர். அவர்தம் செயல் எவ்வாறு நிகழ்கின்றது, பாதுகாப்புக் கண்காணிப்பினால் அதனை எவ்வாறு கண்டறியலாம் என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

பிரதி எடுத்து ஒட்டும் முறை, 1970களின் நடுப்பகுதியில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்ற்றோ நகரில் இருந்த செரொக்ஸ் ஆராய்ச்சி நிலையத்திற் செம்மை பெற்றது. லரி டெஸ்லர், ரிம் மொற் என்னும் இருவர் ஜிப்சி என்ற எழுத்துப்பணி நிரலை அங்கு உருவாக்கியபோது, வெட்டுதல், பிரதி எடுத்தல், ஒட்டுதல் ஆகிய மூன்றையும் யாவரும் எளிதிற் கற்றுக்கொள்ளுமாறு அமைத்தனர். பின்னர் அப்பிள் நிறுவனம் 1983 இல் வெளியிட்ட லிசா என்னும் கணினியும், 1984 இல் வெளியிட்ட மக்கின்ரொஷ் என்னும் கணினியும் அம்முறையை உலகெங்கும் பரப்பின. அக்காலத்துத் தனியாட் கணினி ஒருவர் மேசையில் ஒருவர்க்கே உரியதாய் இருந்தது. அதில் இயங்கும் நிரல்களும் சிலவே. அவை ஒன்றையொன்று நம்பியிருத்தலில் எவரும் குறை காணவில்லை. ஆகவே ஒரு நிரல் வைத்ததை இன்னொரு நிரல் தடையின்றி எடுக்கலாம் என்பதே விதியாயிற்று. வலையமைப்பு வந்து, அயலார் எழுதிய நிரல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே புகுந்த பின்னரும் அவ்விதி பெரும்பாலும் பழையபடியே நின்றது. இன்றைய தொல்லையின் வேர் இதுவே.

விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமையை எடுத்துக்கொண்டால் இது நன்கு விளங்கும். பயனர் ஒருவரின் அமர்வில் இயங்கும் சாதாரணச் செயனிரல் எதுவும் பிடிப்புப்பலகையைத் திறந்து படிக்கலாம். அதற்கு நிருவாகியின் உயர் அதிகாரம் வேண்டியதில்லை. பலகையிலுள்ள பொருள் மாறுந்தோறும் உயரும் தொடரிலக்கம் ஒன்றும் உண்டு. அவ்விலக்கத்தை அடிக்கடி பார்க்கும் நிரல், புதிதாக ஏதேனும் வைக்கப்பட்டதா என்பதை உடனே அறிந்துகொள்ளும். விண்டோஸ் விஸ்டா பதிப்பு முதலாக அதனினும் எளிய வழி ஒன்று உள்ளது. ‘மாற்றம் நிகழுந்தோறும் எனக்கு அறிவிக்க’ என்று ஒரு நிரல் கேட்டு வைத்தாற் போதும். முறைமையே அதற்குச் செய்தி அனுப்பும். இவ்வசதிகள் தீயநோக்கிற் செய்யப்பட்டவை அல்ல. பிரதி எடுத்தவற்றை வரிசையாகச் சேமித்து உதவும் நிரல்களும், மொழிபெயர்ப்பு நிரல்களும் இவற்றினாலேயே இயங்குகின்றன. நல்லோர்க்குத் திறந்த வாயில் கள்வர்க்கும் திறந்தே கிடக்கின்றது.

இத்திருட்டு இருவகைப்படும். ஒன்று, படித்தெடுத்தல், மற்றொன்று, மாற்றிவைத்தல். முதல்வகையில், தீநிரல் பலகையிற் கிடப்பதைப் படித்து, ஒரு கோப்பிற் சேர்த்துவைத்து, பின்பு வலையமைப்பின் வழியே தன் தலைவனுக்கு அனுப்பும். 2014 ஆம் ஆண்டளவிலிருந்து அறியப்பட்டுவரும் ஏஜென்ற் டெஸ்லா என்னும் உளவுநிரல் இவ்வகையினது. விசைப்பலகையில் அழுத்தப்படும் எழுத்துகளைக் களவாடுவதோடு, பிடிப்புப்பலகையையும் அது விட்டுவைப்பதில்லை. இரண்டாம் வகையில், தீநிரல் எதனையும் வெளியே அனுப்பவேண்டுவதில்லை. பலகையில் ஒரு கணக்கிலக்கம் வந்து அமர்ந்தவுடன், அதனை நீக்கிக் கள்வனின் கணக்கிலக்கத்தை அவ்விடத்தில் வைத்துவிடும். பயனர் ஒட்டும்போது வந்து விழுவது கள்வனின் இலக்கமே. பணத்தை அனுப்புவது பயனரின் சொந்தக் கை. ஒப்புதல் அளிப்பதும் அவரே. வங்கியின் நோக்கில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தேறியது போலத் தோன்றும்.

இதற்குத் தக்க சான்று போலந்து நாட்டில் 2013 இல் நிகழ்ந்தது. அந்நாட்டு வங்கிக் கணக்கிலக்கம் 26 இலக்கங்களைக் கொண்டது. அத்துணை நீண்ட எண்ணைக் கையினால் எழுதுவோர் அரியர். பற்றுச்சீட்டிலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ பிரதி எடுத்து வங்கிப் பக்கத்தில் ஒட்டுவதே வழக்கம். இதனை அறிந்த ஒருவர், விஷுவல் பேசிக் என்னும் எளிய நிரல்மொழியில் ஒரு சிறு தீநிரலை எழுதிவிட்டார். அது பலகையைப் பார்த்தவாறே இருக்கும். 26 இலக்கங்கள் கொண்ட எண் வந்ததும் அதனை மாற்றிவிடும். போலந்தின் கணினி அவசரநிலைக் குழுவாகிய சேர்ட் போல்ஸ்கா இதனை ஆராய்ந்து வெளிப்படுத்தியது. இதற்கு வீ.பி.கிளிப் என்று பெயரிடப்பட்டது. பின்னர் தோன்றிய இதன் வழித்தோன்றல் ஒன்று பிடிப்புப்பலகையையே கைவிட்டு, உலாவியின் நினைவகத்தினுள் நேரே புகுந்து கணக்கிலக்கத்தை மாற்றத் தொடங்கியது. ஒரு வழி வெளிச்சத்துக்கு வந்ததும் கள்வர் வேறுவழி தேடுவர் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். அத்தகைய கணக்கிலக்கத்தின் முதலிரு இலக்கங்கள் சரிபார்ப்பு இலக்கங்கள் அல்லவா? மற்றைய இலக்கங்களைக் கொண்டு ஒரு கணக்கு முறைப்படி பெறப்படும் அவை, பிழையைக் காட்டிக்கொடுக்க வேண்டாமோ? அவ்விலக்கங்கள் கைதவறி நேரும் பிழையைத் தடுப்பதற்கே ஏற்பட்டவை. ஏழை ஒன்றாக எழுதினால் வங்கியின் கணினி ஏற்க மறுக்கும். ஆனால், கள்வன் வைப்பது பிழையான இலக்கம் அன்று. அது முறையாகத் திறக்கப்பட்ட வேறொரு கணக்கின் சரியான இலக்கம். ஆதலால் அச்சோதனையில் அது குறையின்றித் தேறிவிடும். பிழையைக் காணும் கருவி வஞ்சகத்தைக் காணமாட்டாது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

பிட்கொயின் முதலிய இலத்திரனியற் பணங்கள் பரவியபின் இத்தொழில் மேலும் செழித்தது. அவற்றின் முகவரிகள் பொருளற்ற எழுத்தும் எண்ணும் விரவிய நீண்ட கோவைகள். பழைய முறைப் பிட்கொயின் முகவரி பெரும்பாலும் 34 எழுத்துகள் அளவினது. எதீரியம் முகவரி, முன்னொட்டையும் சேர்த்து 42 எழுத்துகள் கொண்டது. அவற்றை மனத்தில் இருத்துவோர் எவருமிலர். ஒருமுறை அனுப்பிய பணத்தைத் திருப்பிப் பெறுதற்கு வங்கியுமில்லை, மேலாளருமில்லை. 2017 இல் கஸ்பர்ஸ்கி நிறுவனம் கிரிப்டோ ஷவ்ளர் என்னும் தீநிரலைப் பற்றி அறிவித்தபோது, அது முகவரிகளை மாற்றிவைத்தே 23 பிட்கொயின்களைத் திரட்டியிருந்தது; அன்றைய விலையில் அது ஏறத்தாழ 140,000 அமெரிக்க டொலர். 2019 இல் இவ்வகைத் தீநிரல் ஒன்று அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளுக்கான கூகிளின் சொந்தச் செயலிக் கடையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 2022 இல் அறியப்பட்ட லப்லாஸ் என்னும் நிரலோ, பயனர் பிரதி எடுத்த முகவரியை ஒத்த தோற்றமுடைய முகவரியையே தேர்ந்து வைக்கும் சூழ்ச்சியுடையது. முதல் நான்கு எழுத்தையும் கடை நான்கு எழுத்தையும் மட்டும் ஒப்புநோக்கி மனநிறைவு கொள்வோரை ஏமாற்றுதற்கே இவ்வேற்பாடு.

இனி, கண்டறியும் முறைக்கு வருவோம். பாதுகாப்பாளர் முதற்கண் உணரவேண்டிய உண்மை ஒன்றுண்டு. மாற்றிவைத்தல் தடயம் விடும். படித்தெடுத்தலோ எளிதில் தடயம் விடாது. கல்லின்மேல் வைத்த மூட்டையை மாற்றினால் மூட்டை வேறாகும். வெறுமனே எட்டிப்பார்த்தவனால் மூட்டைக்கு யாதொரு வேறுபாடும் இல்லை. ஆதலின் இருவகைத் திருட்டையும் ஒரே வலையிற் பிடிக்க முயல்வது பயன்தராது.

மாற்றிவைப்போரைக் காண உதவும் கருவிகளுள் ஒன்று, மைக்ரோசொவ்ற் நிறுவனம் கட்டணமின்றி வழங்கும் சிஸ்மொன் என்னும் கண்காணிப்பு நிரல். கணினியில் எந்நிரல் எப்போது தொடங்கியது, எவ்விடத்துடன் தொடர்புகொண்டது என்பனவற்றை அது பதிவேட்டில் எழுதிவைக்கும். 2020 செப்டெம்பரில் வெளிவந்த அதன் 12 ஆம் பதிப்பில், பிடிப்புப்பலகையின் மாற்றத்தைக் குறிக்கும் 24 ஆம் இலக்க நிகழ்வு புதிதாகச் சேர்க்கப்பட்டது. எந்த நிரலால் மாற்றம் நேர்ந்தது, அது எப்பயனரின் எவ்வமர்வில் நேர்ந்தது, தொலைவிலிருந்து வேறொரு கணினி வழியாக வந்த அமர்வாயின் அக்கணினி யாது என்பன அந்நிகழ்விற் பதிவாகும். வைக்கப்பட்ட பொருளின் கைரேகை போன்ற சுருக்கக் குறியும் உடன் பதியப்படும்.

இப்பதிவுகளை ஆராய்வோர் நோக்குவது தனியொரு மாற்றத்தை அன்று, மாற்றங்களின் ஒழுங்கையே. மனிதர் ஒருவர் பிரதி எடுக்கும்போது, அவர் கண்முன் திறந்திருக்கும் நிரலே பலகையில் எழுதும். அதன் பின் அவர் வேறொரு சாளரத்துக்குச் செல்லவும், மீண்டும் ஒன்றைத் தெரிவுசெய்யவும் சில வினாடிகளாவது செல்லும். அவ்வாறன்றி, உலாவி ஒரு பொருளை வைத்த மாத்திரத்தில், கண்ணிமைக்கும் பொழுதினுள், திரையிற் சாளரமே இல்லாத இன்னொரு நிரல் அதன்மேல் வேறொன்றை எழுதியதாகப் பதிவு காட்டினால், அது மனிதர் கைச்செயல் ஆகாது. இவ்விணை மாற்றம் ஒருமுறை நிகழின் தற்செயல் எனலாம். கணக்கிலக்கமோ முகவரியோ வருந்தோறும் நிகழின் ஐயத்துக்கு இடமில்லை. இதனை உறுதிசெய்தற்கு எளிய சோதனை ஒன்றும் உண்டு. ஐயத்துக்குரிய நிரலைத் தனித்துவைத்த ஒரு சோதனைக் கணினியில் இயக்கி, பிட்கொயின் முகவரி ஒன்றைப் பிரதி எடுத்து வெற்றுத்தாளில் ஒட்டிப் பார்த்தால், வைத்ததும் எடுத்ததும் ஒன்றா என்பது உடனே புலனாகும்.

படித்தெடுப்போரைக் காண்பது இதனினும் கடினம். சிஸ்மொனின் 24 ஆம் நிகழ்வு பலகை மாறியதைச் சொல்லுமேயன்றி, அதனைப் படித்தவர் யாரென்று சொல்லாது. ஆகவே சுற்றுவழியிற் சென்று சான்று திரட்டல் வேண்டும். பகைவரின் உத்திகளைத் தொகுத்து எண்ணிட்டு வைத்துள்ள அமெரிக்காவின் மைற்றர் நிறுவனம், இத்திருட்டை ரி 1115 என்னும் இலக்கத்தின்கீழ்ச் சேர்த்திருக்கின்றது. அவ்வகையில் நோக்கப்படுவன இரண்டு: ஒன்று, இடப்படும் கட்டளைகள், மற்றொன்று, முறைமையினிடம் நிரல்கள் விடுக்கும் அழைப்புகள். விண்டோஸில் பவர்ஷெல் என்னும் கட்டளைமுகத்தின் வழியே கெற்-கிளிப்போட் எனும் கட்டளையை இட்டால் பலகையின் உள்ளடக்கம் கிடைத்துவிடும். மக் கணினிகளில் பீபீபேஸ்ற் என்பதும், லினக்ஸ் முறைமையில் எக்ஸ்கிளிப் என்பதும் அதே வேலையைச் செய்யும். பவர்ஷெல் கட்டளைகளை முழுமையாகப் பதியுமாறு ஏற்பாடு செய்திருந்தால், அவை 4104 ஆம் இலக்க நிகழ்வாகப் பதிவேட்டில் தோன்றும். கணக்காளர் ஒருவரின் கணினியில், நள்ளிரவில், எவரும் இல்லாத வேளையில் இக்கட்டளை ஓடியிருப்பின் அதற்கு விளக்கம் கேட்கவேண்டியதே.

கட்டளை எதுவுமின்றி, தீநிரல் தானே பலகையைப் படிக்குமாயின், நிரல்கள் விடுக்கும் அழைப்புகளை நேரிற் பார்க்கவல்ல மேம்பட்ட பாதுகாப்புக் கருவிகள் வேண்டும். அப்போதும் அழைப்பு ஒன்றே குற்றத்துக்குச் சான்றாகாது. கடவுச்சொற் காப்பு நிரல்களும், தொலைநிலை இணைப்பு நிரல்களும் நாள்தோறும் பலகையைத் தொடுகின்றன. அவை யாவற்றுக்கும் அபாயமணி ஒலிக்குமாயின், காவலர் ஈற்றில் மணியோசைக்கே செவிடராவர். எனவே பல சிறு சான்றுகளை ஒருங்கு வைத்துத் தீர்ப்பளித்தலே தக்கது. அந்நிரல் நம்பத்தகுந்த நிறுவனத்தின் இலத்திரனியற் கையொப்பம் பெற்றதா? முறையான இடத்தில் நிறுவப்பட்டதா, அன்றித் தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் மூலையிலிருந்து இயங்குகின்றதா? அதற்குத் திரையில் ஒரு முகம் உண்டா? கணினி தொடங்குந்தோறும் தானும் தொடங்குமாறு அது தன்னை இரகசியமாகப் பதிந்துகொண்டதா? பலகையைப் படித்த சிறிது நேரத்தில் முன்பின் அறியாத முகவரியோடு தொடர்புகொண்டதா? இவ்வினாக்களில் ஒன்றுக்குத் தீயவிடை வந்தால் ஐயம்; மூன்று நான்குக்கு வந்தால் அக்கணினியை வலையமைப்பிலிருந்து பிரித்துவிடுதலே கடமை.

இக்கண்காணிப்பில் ஓர் இடர்ப்பாடும் உளது. அதனை மறைத்தல் நேர்மையாகாது. பலகையில் வைக்கப்படும் ஒவ்வொன்றையும் முழுமையாகப் பிரதிசெய்து சேமிக்கும்படி சிஸ்மொனைப் பணிக்கவும் இயலும். அங்ஙனம் செய்யின், அலுவலகத்தார் அனைவரின் கடவுச்சொற்களும், தனிப்பட்ட கடிதங்களும் ஓரிடத்தில் வந்து குவியும். கள்வன் பல நாள் உழைத்துத் திரட்டவேண்டியதைக் காவலனே திரட்டிவைத்தவாறு முடியும். அச்சேமிப்பு ஒருநாள் பிறர் கைப்படுமாயின் நேரும் கேடு, முன்பு அஞ்சிய கேட்டினும் பெரிது. ஆகவே உள்ளடக்கத்தைச் சேமியாது, நிரலின் பெயர், நேரம், சுருக்கக் குறி ஆகியவற்றை மட்டும் பதிவுசெய்தலே பெரும்பாலான இடங்களுக்குப் போதுமானது. இவ்வாறு கண்காணிக்கப்படுகின்றது என்பதைப் பணியாளர்க்கு முன்கூட்டியே அறிவித்தலும் முறையாகும்.

கண்டறிதலோடு நில்லாது, சுமைதாங்கிக்கே ஒரு வேலி கட்டும் முயற்சியும் நடைபெற்றுவருகின்றது. 2019 இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 10 ஆம் பதிப்பு, திரையில் முன்னிற்கும் செயலியும் விசைப்பலகைச் செயலியுமன்றிப் பின்னணியிற் கிடக்கும் பிற செயலிகள் பலகையைப் படிப்பதைத் தடைசெய்தது. அப்பிள் நிறுவனம் 2020 இல் வெளியிட்ட ஐ.ஓ.எஸ். 14 ஆம் பதிப்பு, ஒரு செயலி பிறிதொன்றிலிருந்து வந்த பொருளைப் படித்தவுடனே பயனருக்கு அறிவிப்புக் காட்டியது. அவ்வறிவிப்புத் தோன்றிய பின்னரே, பெயர்பெற்ற செயலிகள் பலவும் கேளாமலே பலகையைப் பார்த்துவந்தமை மக்களுக்குப் புலனாயிற்று. அவற்றுட் சில தம் வழக்கத்தைக் கைவிடவும் நேர்ந்தது. 2022 இன் அன்ட்ரொயிட் 13 ஆம் பதிப்போ, பலகையிற் கிடப்பதைச் சிறிது காலத்தின்பின் தானாகவே துடைத்துவிடுகின்றது. மேசைக் கணினிகளில் நிலை வேறு. விண்டோஸ் 10 இல் 2018 இலிருந்து பிடிப்புப்பலகை வரலாறு என்னும் வசதி உண்டு. பயனர் அதனை இயக்கி வைத்தால், கடைசியாக எடுத்த ஒன்றோடு அமையாது, 25 பொருள்கள் வரை அதில் தங்கும். வேலைக்கு அது உதவியே. ஆயினும் கல்லின்மேல் ஒரு மூட்டை இருந்த இடத்தில் 25 மூட்டைகள் இருக்கின்றன என்பதை மறத்தலாகாது.

பொதுமக்கள் கைக்கொள்ளத்தக்க வழிகள் சிலவே. அவை அரியனவும் அல்ல. பணம் அனுப்புமுன், ஒட்டப்பட்ட கணக்கிலக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை மூலத்தோடு ஒப்புநோக்குதல் வேண்டும். பெருந்தொகையாயின், பெறுநரை முன்னரே அறிந்த தொலைபேசி இலக்கத்தில் அழைத்து இலக்கத்தை வாய்மொழியாக உறுதிப்படுத்துதல் நன்று. முதலிற் சிறுதொகை அனுப்பி, அது சேர்ந்தமை அறிந்து எஞ்சியதை அனுப்புவோரும் உளர். கடவுச்சொல்லைப் பிரதி எடுக்காது, தானே உரிய இடத்தில் நிரப்பவல்ல காப்பு நிரலைப் பயன்படுத்தல் நலம். அறியாத இடத்திலிருந்து இலவசமாகக் கிடைக்கும் நிரல்களைத் தவிர்த்தல் யாவற்றினும் முதன்மையானது. ஏனெனில் இத்தீநிரல்களிற் பல, விலைகொடாது பெறும் திருட்டுப் பிரதிகளின் உள்ளேயே ஒளிந்து வருகின்றன.

திருட்டு நிகழ்ந்துவிட்டதென ஐயம் தோன்றின், அக்கணினியிலிருந்தவாறே கடவுச்சொற்களை மாற்ற முனைதல் வீண்வேலை. புதிய சொல்லும் பழைய வழியே போய்விடும். கணினியை வலையமைப்பிலிருந்து நீக்கி, வேறொரு தூய கணினியிலிருந்து அவற்றை மாற்றுதல் வேண்டும். வங்கிக்கு உடனே அறிவித்தல் வேண்டும். பணம் கள்வனின் கணக்கிலிருந்து வெளியேறுமுன் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு, அறிவிப்பு எவ்வளவு விரைந்து சேர்கின்றதோ அவ்வளவுக்கே உண்டு.